ஜவ்வரிசி வறுக்க விறகு கேஸ்: 12 வருஷம் தாரோடு பட்ட பாடு

விறகிலிருந்து கேஸ் எடுக்கும் கருவி வாங்கலாமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் எங்களை மாதிரி சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருப்பவர்கள், வெல்லம் காய்ச்சுகிறவர்கள், ஒன்றிரண்டு சாயப்பட்டறைக்காரர்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி "விலை என்ன ஆச்சு?" என்பதுதான். விறகை எங்கே காயப்போடுவீங்க, யார் நறுக்குவாங்க என்று நான் திருப்பிக் கேட்டால், பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

எங்கள் மில் சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில், வாழப்பாடிக்கு இந்தப் பக்கம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்து இறங்கும். கழுவி, தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை வெட்டி எடுத்து உடைத்து, குலுக்கி மணியாக்கி, சலித்து, சட்டியில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி, அது எங்களிடம் கிடையாது. இத்தனை வேலையில் நெருப்பு வேண்டியது வறுவலுக்கு மட்டும். ஆனால் சரக்கின் பேர் நிற்பதும் கெடுவதும் அங்கேதான். சூடு கூடினால் மணி பழுப்பேறும், குறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். விறகு அடுப்பில் அந்தச் சூட்டை ஒரே மாதிரி வைத்திருக்கக் கை பழகிய ஆள் வேண்டும். எங்களுக்கு ஒரு அடுப்புக்காரர் இருக்கிறார், அப்பா காலத்து ஆள், எனக்கு 44 வயதாகியும் இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இந்தக் கதையில் பாதி அவருடையது.

2012-ல் தமிழ்நாட்டில் தொழில் செய்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது, இருக்கும் நேரமும் எது என்று தெரியாது. கிழங்கோ காத்திருக்காது. பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலமாக நரம்பு ஓட ஆரம்பித்துவிடும், மாவும் இறங்கிவிடும். டீசல் ஜெனரேட்டரை ஓட்டி ஓட்டி, பங்க்கில் பில் போடுபவர் எனக்கு வணக்கம் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி ஆள் வந்து, விறகு கேஸை ஜெனரேட்டருக்குள் விட்டால் டீசல் 100-க்கு 70, 80 மிச்சம் என்றார். அது பொய்யில்லை. நல்ல கேஸ் கிடைத்தால் டீசல் எஞ்சினில் அவ்வளவு குறைக்க முடியும், மீதி டீசல் பற்றவைப்பதற்கு வேண்டும். "நல்ல கேஸ்" என்பதை மட்டும் அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். நானும் கெமிஸ்ட்ரி படித்த திமிரில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

37 நாள் ஓடியது. 38-ஆம் நாள் எஞ்சின் இருமியது, நின்றது. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னக்கா இது, கருப்பட்டிப் பாகை ஊத்தி ஓட்டினீங்களா?" என்றார். வால்வு தண்டில், உள்ளே வரும் குழாயில், எங்கே பார்த்தாலும் பளபளவென்று கறுப்புப் பாகு. அதுதான் தார், விறகுப் புகை குளிர்ந்தால் படிவது. விரலில் தொட்டால் இரண்டு நாளைக்கு வாசனை போகாது. எஞ்சினுக்குப் போகும் கேஸில் தார் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நான் அளந்தெல்லாம் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவைப்படவில்லை. விற்றவர்கள் போனை எடுத்தார்கள், விறகு ஈரமாக இருந்திருக்கும் என்றார்கள், வைத்துவிட்டார்கள். கோபமாக வந்தது. ஆனால் விறகு ஈரமாகத்தான் இருந்தது.

இந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் விளங்கியது, அதுவும் புத்தகத்தில் இல்லை, பாட்டி வீட்டு அடுப்பில். பச்சை விறகை வைத்து மூட்டும்போது புகை மண்டும் இல்லையா, கண் எரிய ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருப்போம், திடீரென்று 'பக்'கென்று அந்தப் புகையே தீப்பிடித்து எரியும். விறகு அப்படியே எரிவதில்லை, சூட்டில் அதிலிருந்து வெளிவரும் புகைதான் தீயாகிறது. கேஸ் எடுக்கும் டவரில் அந்தப் புகையைப் பிறக்கவிட்டு, எரிய முழுக் காற்றுக் கொடுக்காமல் இழுத்து வைக்கிறோம். 1 கிலோ விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும், டவரில் கொடுப்பது ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோதான். அந்தக் கொஞ்சக் காற்றில் நடுவில் ஒரு பகுதி மட்டும் 1,000 டிகிரிக்கு மேல் தகதகவென்று எரிகிறது. அந்தச் சூட்டில் மேலே இருக்கும் விறகு காய்ந்து, கருகி, புகை விடுகிறது. புகை கீழே இறங்கி, தீயைக் கடந்து, அடியில் சிவந்து கிடக்கும் கரிக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். கரி, எரிந்து முடிந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடி எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு ஆக்குகிறது, நீராவியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது, தாரையும் பெரும்பாலும் உடைத்துவிடுகிறது. வெளியே வருவதில் 5-ல் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஹைட்ரஜன், 2 சதம் போல மீத்தேன், மீதியில் பெரும்பகுதி காற்றோடு சும்மா கூட வந்த நைட்ரஜன்.

சேகோ மில் கழிவுத் தண்ணீரிலிருந்து எடுக்கிற பயோகேஸ் இது இல்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது கிருமிகள் செய்கிற வேலை, நீர்ச்சரக்குக்கு ஏற்றது, கிடைப்பது பெரும்பாலும் மீத்தேன். இது நெருப்பு செய்கிற வேலை, காய்ந்த சரக்கு மட்டும்தான் ஆகும். திப்பியை, அதாவது பால் எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கையை, டவரில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், மாட்டுக்கே போடுங்கள். சிலிண்டரில் அடைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பாதி நைட்ரஜன், அடைத்தால் காற்றை அடைத்த கணக்கு. பிறக்கிற இடத்திலேயே எரித்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் பஸ் ஓடியதைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். பின்னால் ஒரு உருளை, அதில் கரி, புறப்படும் முன் ஒரு ஆள் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும், மேடு வந்தால் பயணிகளும் இறங்கித் தள்ள வேண்டும். "அவங்க கரியைப் போட்டாங்க, நீ விறகைப் போட்டே. கரி ஏற்கனவே புகை விட்டு முடிச்சது" என்றார் அப்பா, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே. நான் ஒரு எஞ்சினைத் தொலைத்துப் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார், வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

மறு வருஷம் அந்த டவர் மில்லின் மூலையில் துணி காயப்போடப் பயன்பட்டது. எஞ்சினுக்கு ஆகாத கேஸ் அடுப்புக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றவே ஒரு வருஷம் ஆனது. எஞ்சினுக்குக் கேஸைக் குளிரவைத்து, தண்ணீரில் அலசி, மணல், துணி என்று வடிகட்டி அனுப்ப வேண்டும். குளிர்ந்தால்தான் தார் படியும். அடுப்புக்குக் குளிரவைக்கவே வேண்டாம். 300, 400 டிகிரியில் வருவதைச் சூடு ஆறுவதற்குள் பர்னரில் எரித்துவிட்டால் தாரும் கூடவே எரிந்துபோகும், அதுவும் எரிபொருள்தானே. அலசும் தொட்டியைக் கழற்றித் தூரப் போட்டோம். அதோடு அந்தத் தொட்டியிலிருந்து வந்த கறுப்புத் தண்ணீர்த் தொல்லையும் போயிற்று. ஃபீனால் கலந்த தண்ணீர் அது, செடியில் ஊற்றினால் செடி போகும், ஓடையில் விட்டால் ஊரே திரண்டு வரும். சேகோ தண்ணீருக்கே நாங்கள் வாங்குகிற பேச்சு போதாதா?

நீங்கள் வாங்குவதாக இருந்தால் நான் அழுத்திச் சொல்வது இதுதான்: முதலில் சூட்டுக்கு வாங்குங்கள், எஞ்சினுக்கு வாங்காதீர்கள். எஞ்சினில் வெற்றியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களிலிருந்து இதற்காகவே வேலை செய்து, மேலே திறந்தபடியே ஓடும் மாடலெல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு முழுநேர ஆள் மனசு வைத்து உட்கார வேண்டும். மில்லில் கிழங்கு லாரி நிற்கும்போது யார் ஃபில்டர் துணி துவைப்பது?

குழாய் வேலையில் நாங்கள் செய்த இரண்டு மாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். டவருக்கும் சட்டிக்கும் நடுவே 12 அடிக்கு மேல் இல்லாமல் வைத்து, குழாய்க்கு மேல் சூடு தாங்கும் கம்பளி சுற்றி, ஒரு பக்கம் சரிவாக இறக்கி, தாழ்ந்த முனையில் ஒரு சட்டி மாதிரி வைத்துவிட்டோம், தப்பிப் படிகிற தார் அதில் வடிந்துவிடும். இன்னொன்று, வளைவுகளில் எல்போ என்கிற வளைந்த இணைப்பே போடவில்லை. எல்லா இடத்திலும் ஆங்கில டீ எழுத்து மாதிரி மூன்று வாய் உள்ள இணைப்பைப் போட்டு, ஒரு வாயைப் போல்ட் வைத்து மூடினோம். ஞாயிற்றுக்கிழமை அந்த மூடியைக் கழற்றி ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் 10 நிமிஷத்தில் குழாய் சுத்தம். எல்போ போட்டிருந்தபோது குழாயையே அறுத்துத்தான் எடுத்தோம்.

டவரின் உள் பூச்சுக்குச் சேலத்தில் ஒரு ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. சேர்வராயன் மலை அடிவாரத்திலேயே மேக்னசைட் என்கிற தாதுவைத் தோண்டுகிறார்கள், வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது, அதில் செய்த கல்லையே டவருக்குப் போட்டால் என்ன? வேண்டாம். அது இரும்பு உருக்கும் உலைக்கு அருமையான கல், தினமும் மூட்டி தினமும் அணைக்கும் டவரில் சூடு ஏறி இறங்கி வெடிப்பு விட்டுவிடும், சூட்டை வெளியேயும் கடத்திவிடும். சாதாரண அலுமினா நெருப்புக்கல் போதும்.

சரி, விறகு. எல்லாமே விறகுதான். முதலில் நான் போட்டது குச்சிக்கிழங்குச் செடியின் குச்சி. கிழங்கு பிடுங்கியபின் காட்டில் மலை மாதிரி கிடக்கிறது, அடுத்த நடவுக்கு எடுத்தது போக மீதியை வரப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள், இலவசம். இலவசம் என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலை அதிகம். குச்சிக்கு நடுவே பஞ்சு மாதிரி சோறு, வெளியே மெல்லிய கட்டை, கையில் எடுத்தால் கனமே இருக்காது. டவர் நிறையப் போட்டால் முக்கால் மணியில் காலி. அது மட்டுமா, உள்ளே ஒன்றோடொன்று கொக்கி போட்டு நின்றுகொள்ளும். அடியில் எரிந்து குகை மாதிரி ஆகியிருக்கும், மேலே இருப்பது இறங்காது. பர்னரில் லேசான நீலமாக, பகலில் கண்ணுக்கே தெரியாமல் எரிகிற ஜுவாலை மஞ்சளாகி, புகையாகி, பிறகு உள்ளே 'பொத்' என்று எல்லாம் விழும், தீ மறுபடி சீறும். சட்டியில் நிற்கும் அக்காக்கள் அந்தச் சத்தத்துக்குக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குச்சியோடு ஒட்டி வந்த செம்மண் வேறு சூட்டில் உருகி, கொல்லன் உலைக் கிட்டம் மாதிரி வாய்க்கு நடுவில் கட்டிக்கொண்டது. மறுநாள் டவர் ஆறியபின் அடுப்புக்காரர் உளி வைத்துத் தட்டி எடுத்தார். எடுத்த கட்டியை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் நான் இன்னும் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன்.

இப்போது குச்சி 4-ல் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை, அதையும் மண் உதறிவிட்டு. மீதி வேலிக்காத்தான் கட்டை, சீமைக்கருவேலம் என்பீர்களே அதுதான். கனமான கட்டை, சாம்பல் கொஞ்சம். தேங்காய்த் தொட்டி இன்னும் நல்லது, ஆனால் கரி ஆலைக்காரர்கள் வாங்குவதால் விலை கட்டாது. உமி இந்த டவருக்கு ஆகவே ஆகாது, 5-ல் ஒரு பங்கு சாம்பல், அதற்கு அமைப்பே வேறு. அளவு தீப்பெட்டி அளவு. பெரிசாக இருந்தால் கொக்கி போடும், தூளாக இருந்தால் காற்றை அடைக்கும். ரம்பத்தில் அறுக்கும் ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்து ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். பேசிப் புரியவைக்க முடியாத விஷயம் அது.

ஈரம். 20 சதத்துக்கு மேல் இருந்தால் தொடாதீர்கள், நாங்கள் 15-க்குள் வைத்துக்கொள்கிறோம். ஈர விறகு டவரின் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கும், நடுப்பகுதிச் சூடு இறங்கும், இறங்கினால் தார் உடையாது, அவ்வளவுதான் என் எஞ்சின் செத்த கதை. அளக்க மெஷின் வேண்டாம். சரியாக 1 கிலோ சில்லு எடுத்து, வறுவல் சட்டி ஓரத்தில் கருகாத சூட்டில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றபோது 850 கிராம் என்றால் ஈரம் 15 சதம். நான் இப்படி நிறுத்துக்கொண்டிருக்க, அடுப்புக்காரர் இரண்டு சில்லை எடுத்துக் காதருகே தட்டுவார். காய்ந்தது 'டக்'கென்று கேட்கும், ஈரமானது 'தொப்'பென்று கேட்கும். "இது ஆவாது பாப்பா, இன்னும் பத்து நாள்" என்பார். ஒரு சீசன் முழுக்க நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன், அவர் தட்டிச் சொன்னதற்கும் என் தராசுக்கும் பெரிய வித்தியாசம் வந்ததே இல்லை. இப்போது அவர் தட்டுகிறார், நான் சந்தேகம் வந்தால் மட்டும் நிறுக்கிறேன்.

இதில் சிக்கல் என்னவென்றால் கிழங்கு சீசன் தொடங்கும்போதுதான் ஐப்பசி மழையும் தொடங்குகிறது. விறகு அதிகம் வேண்டிய மாதத்தில்தான் விறகு நனைந்து கிடக்கும். அதனால் சித்திரை, வைகாசியில், களம் சும்மா கிடக்கும்போதே 4 மாத விறகை நறுக்கி, ஜவ்வரிசி காயும் களத்தின் ஓரத்திலேயே பரப்பி, எரிக்கிற வெயிலில் காயவைத்து, மேலே கூரை மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்த கொட்டகையில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்கிவிடுகிறோம். தார்பாலின் போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இந்தக் கொட்டகைக்கு ஆன செலவை டவர் விலையோடு சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள், அதனால்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய அடுப்பில் ஒரு நாளைக்கு 450 கிலோ விறகு போய்க்கொண்டிருந்தது, இப்போது 300 சுமாருக்கு ஓடுகிறது. விறகில் மிச்சம்தான், ஆனால் நறுக்கும் ஆள் கூலி புதிதாகச் சேர்ந்தது, டவருக்குக் காற்று ஊதும் புளோயருக்குக் கரண்டும். முதல் இரண்டு வருஷம் கையைக் கடித்தது. மனசுக்கு ஒத்துக்கொண்டது வேறு: சூடு வால்வுக்குக் கட்டுப்படுகிறது, சரக்கு ஒரே நிறத்தில் வருகிறது, வறுவல் கொட்டகைச் சுவர் வெள்ளையடித்தால் வெள்ளையாகவே இருக்கிறது. வறுக்கும் அக்கா ஒருவர், "இப்பல்லாம் வீட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணி ஊத்தாமலே சோறாக்கறேன்" என்றார். கரியும் புகையுமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் இத்தனை வருஷம், நான் அதைக் கேட்டதே இல்லை. அவர்களுக்கு நிற்கும் இடத்துச் சூடு மட்டும் குறையவில்லை, அதற்கு ஃபேன்தான் போட்டிருக்கிறோம்.

இப்போது சொல்லப்போவதைப் படிக்காமல் யாரும் வாங்காதீர்கள். ஒரு கார்த்திகை மாசம், மழைச்சாரல் என்று வறுவல் கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். காலை 11 மணி இருக்கும். அடுப்புக்காரர் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலைல ஒன்னும் சாப்பிடல பாப்பா, அதான் தலை சுத்துது" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் சட்டியில் நின்ற ஒரு அக்கா வாந்தி எடுத்தார். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரையும் கத்தி வெளியே துரத்தி, மெயினை அணைத்து, படுதாவை அறுத்தே எறிந்தோம். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள், சாயங்காலம் வீடு திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் அதிக வலுவோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி. இதெல்லாம் பசி மாதிரியும் பித்தம் மாதிரியும்தான் தெரியும். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்: டவர் மூடியில் கேஸ் கசியாமல் இருக்க வைக்கும் கயிறு ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. எங்கள் அமைப்பில் புளோயர் காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளுகிற அமைப்பில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் கேஸ் வெளியே வரும். இழுக்கிற அமைப்பில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், அது வெடிக்கப் பார்க்கும். எந்த அமைப்பு உங்களுடையது என்று தெரிந்துகொண்டு அந்த ஆபத்துக்குத் தயாராகுங்கள். இப்போது டவர் முழுக்கக் கொட்டகைக்கு வெளியே, மேலே ஓடு மட்டும். மூடிக்குக் கண்ணாடி நார்க் கயிறு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கருகினாலும் கருகாவிட்டாலும் மாற்றுகிறோம். வறுவல் பக்கம் முகம் இருக்கும் உயரத்தில் பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் இரண்டு. படுதா கிடையவே கிடையாது, சாரல் அடித்தால் வேலை நிற்கும்.

புளோயர் நின்றுவிட்டால் கேஸும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், உள்ளே கரி சிவப்பாக இருக்கும் வரை பிறந்துகொண்டே இருக்கும். கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் உடனே பர்னரில் தீக்குச்சி வைத்து ஒரு பையன் இமை முடியைத் தொலைத்தான், நல்லவேளை அதோடு போயிற்று. உள்ளே காற்றும் கேஸும் கலந்து நின்றிருக்கும். சில நிமிஷம் வெளிப்பக்கக் குழாயில் விட்டு ஊதித் தள்ளிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், அதுவும் நீளக் கம்பியில் பந்தம் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. இப்போது புளோயருக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் வைத்துவிட்டோம்.

இன்னொரு கருவி செலவே இல்லாதது. ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூபை ஆங்கில யூ எழுத்து மாதிரி வளைத்துப் பலகையில் அடித்து, துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஒரு முனையைக் காற்று போகும் வாயில் சொருகியிருக்கிறோம். அடியில் சாம்பல் அடைக்க அடைக்க, இரண்டு பக்க நீல மட்டத்துக்கும் நடுவே வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். பலகையில் ஒரு சிவப்புக் கோடு. நீலம் கோட்டைத் தொட்டால் டவரின் அடியில் இருக்கும் ஜல்லடையை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆட்டு என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, கோட்டைத் தொட்டால் ஆட்டு என்றால் கேட்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு வழிக்கு வந்தபின் ஏற்காட்டிலிருந்து மாமா கூப்பிட்டார். நாகலூர்ப் பக்கம் அவருக்கு 6 ஏக்கர் காபி. பழம் பறிக்கும் மார்கழியில் மலையில் பனிமூட்டம், களத்தில் காய்வதாவது ஒன்றாவது. விறகுச் சூட்டில் காற்றைச் சூடாக்கிக் காயவைக்கும் தகரப் பெட்டி ஒன்று வைத்திருந்தார், குழாயெல்லாம் ஓட்டை. அந்த வருஷம் வாங்க வந்த ஆள் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது காபியா கருவாடா?" என்று கேட்டிருக்கிறார். காபிக் கொட்டை வாசனையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும், ஒருமுறை புகை ஏறினால் இறங்காது.

சேலத்தில் தெரிந்த லேத் பட்டறையில் மணிக்கு 8 கிலோ விறகு தின்னும் சின்ன டவர் ஒன்று செய்து மேலே கொண்டுபோனோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் நான் லாரிக்குப் பின்னாலேயே போனேன், நெருப்புக்கல் உடையக் கூடாதே என்று. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் கிளை கழித்தது ஏராளமாகக் கிடந்தது. மூட்டினோம், ஒரே புகை. கீழே எனக்கு நன்றாக ஓடுகிற அதே அமைப்பு அங்கே மூச்சுத் திணறியது. நிறுத்துப் பார்த்தால் 24 சதம். கூரைக்குள் ஒரு வருஷம் கிடந்த விறகு! மாமா கோபித்துக்கொண்டார், நான் வேண்டுமென்றே குறை சொல்வதாக. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. விறகு காற்றோடு பேசிக்கொண்டே இருக்கும். ஈரப்பதம் 90-க்கு மேல் நிற்கும் மூட்டத்தில் எவ்வளவு நாள் வைத்தாலும் 20-க்குக் கீழே இறங்காது, இன்னும் குடித்துக்கொள்ளும். கீழே சித்திரையில் அதே கட்டை 10-க்கு இறங்கிவிடும்.

மலையில் காயாததை மலையிலேயே காயவைக்க முயன்று ஒரு சீசனை வீணாக்கினோம். இப்போது வேறு ஏற்பாடு. மேலே சாமான் ஏற்றிப் போகும் லாரி காலியாகத்தானே இறங்கும், அதில் கோடையில் ஈரக் கிளையை எங்கள் மில்லுக்கு அனுப்புகிறார். எங்கள் களத்தில் நறுக்கிக் காயவைத்து, பாதியை நான் வைத்துக்கொண்டு, மீதியை மார்கழியில் பிளாஸ்டிக் சாக்கில் இறுகக் கட்டி அதே லாரியில் மேலே அனுப்புகிறேன். போன சீசன் காபியில் புகை வாசனை இல்லை. காற்று 45 டிகிரி தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது மாமாவின் கவலை.

சாக்கைப் பிரித்தால் ஒரு வாரத்தில் சில்லு மறுபடி ஈரம் குடித்துவிடுகிறது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பிரித்த சாக்கை எல்லாம் வீட்டுச் சமையலறையில், விறகு அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுகிறார். அங்கே எப்போதும் சூடு. அந்த இடத்தில் இத்தனை வருஷமாக மிளகும் விதை மொச்சையும் வைத்துக்கொண்டிருந்த மாமி, போன வாரம் எனக்கு போன் போட்டு, "உன் மாமா காபியைக் காப்பாத்த என் மிளகைத் தூக்கித் திண்ணையில வெச்சுட்டாரு கண்ணு, நீயே வந்து ஒரு நியாயம் சொல்லு" என்கிறார்.